மிதிவெடிக்கு எதிராக ஒரு கையெழுத்து

இந்தப் பக்கத்து ஆட்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே காட்டுக்குள் நடந்துவிடுகிறார்கள். இங்கே காடு என்றால் மானாவாரி நிலம். வத்தலக்குண்டு சாலையில் இறங்கும் பெண்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பேச்சைக்கூட நிறுத்தாமல், வரப்பில்லாத இடத்தில் குறுக்கே போவார்கள். தரையைப் பார்ப்பதே இல்லை. நான் மட்டும் தார்ச்சாலையிலேயே சுற்றி வருவேன். பூப்பறிக்கக் கூட வரும் பெண்கள் என்னை ‘ரோட்டக்கா’ என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். எங்கள் ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போல இங்கே முகாம்களில் கிடக்கிறவர்களுக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில், வன்னியில் என் கணவர் மிதிவெடியில் கால் வைத்தது, தினமும் விறகு பொறுக்கப் போன அதே இடத்தில்தான்.

கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர வேண்டும் என்று திண்டுக்கல்லில் சிலர் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன். இரண்டு தரப்பும் வெடி புதைத்த என் நாடு அதில் சேர்ந்துவிட்டது; எனக்கு இடம் கொடுத்த நாடு இன்னும் சேரவில்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியாது. எங்கள் காணியிலோ மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இன்னும் நிற்கிறது. வெடி அகற்ற வந்த குழு, பணம் தீர்ந்து பாதியில் போய்விட்டது. அங்கே இருக்கும் என் தம்பி ரூபன் மழைக்கு முன் நிலக்கடலை போட வேண்டும் என்று துடிக்கிறான். பிள்ளைகுட்டிக்காரன். உள்ளே போகாதே என்று வாரா வாரம் போனில் கெஞ்சுகிறேன்.

போன வாரம் சித்தையன்கோட்டைக்குப் போனோம். பெரியசாமி என்ற விவசாயி பாறைக்கு வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். என் கணவர் செத்த கதையைக் கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“வெடி போட்டா எத்தன வெடிச்சுதுன்னு எண்ணுவோம் தாயி. ஒண்ணு கொறஞ்சாலும், வெச்சவன் பாத்துச் சொல்ற மட்டும் ஒரு பய உள்ள எறங்க மாட்டான். உங்கூர்ல வெச்சவனக் கூப்புட்டு எடுக்கச் சொல்ல வேண்டியதுதான? இதுக்குப் போயி கையெழுத்தா?”

“வச்ச ஆக்கள் இல்லை, அண்ணை.”

“வெளியூரு போயிட்டாங்களா? ஒரு போனப் போட்டுக் கேளுங்க.”

“செத்துப்போயிட்டினம்.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். இது இந்தியக் குடிமக்களின் மனு, நான் அகதி, போட முடியாது என்றேன்.

“அது என்னா நாயம்? செத்தது இந்தப் புள்ள புருசன். நான் போடலாம், அது போடக் கூடாதா?” என்று கூட வந்தவர்களிடம் சண்டைக்கே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அந்த நேரத்தில்தான் ரூபன் வீடியோ காலில் வந்தான். அவனுக்குப் பின்னால் சிவப்புப் பலகையின் முதுகு தெரிந்தது, எழுத்தில்லாத பக்கம். அவன் உள்ளே நின்றான்.

“மாடு போய் வருது அக்கா, ஒண்டும் நடக்கேல்லை. இஞ்ச பார்.”

“அசையாதை. வந்த காலடியிலேயே திரும்பிப் போ, ராசா.”

“நீ அங்க சுகமா இருந்துகொண்டு சொல்லுவாய்.”

பெரியசாமி எட்டிப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. “ஏலே, சொன்னாக் கேளுப்பா, ஏறி வந்துரு!” என்று கிணற்றுக்குள் நிற்பவனிடம் சொல்வதுபோலப் போனைப் பார்த்துக் கத்தினார்.

திரையில் மண் ஆடியது. எருக்கஞ்செடிகளுக்கு அப்பால் எங்கள் வீட்டின் அத்திவாரம் தெரிந்தது. நானும் என் கணவரும் சேர்ந்து கல் சுமந்து போட்டது. ஊரை விட்டு வந்தபின் அதை நான் பார்த்ததே இல்லை.

“இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டட்டே, அக்கா?” என்றான் ரூபன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.