திரைக்குக் கீழே ஒரு வால்

அமைச்சரின் செயலாளரோடு தொலைபேசியில் சண்டை போட்டபடியே, லேடி ரோவீனா தெல்வால் காலால் நாயின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். "நூலகத்த மூடுங்க, பாக்கலாம்! வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துடுவேன். எழுபத்தொரு வயசுக்காரிக்கு வேற என்ன வேலை?"

முந்நூறு ஆண்டுப் பரம்பரைப் பட்டம். முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. கவுண்டி மன்றத்தில் இருபத்திரண்டு வருடம் உறுப்பினர். அந்தக் கிழட்டு நாய் மஸ்டர்ட் காலடியில் படுத்திராமல் எந்தக் கூட்டமும் தொடங்கியதில்லை. தேவாலயத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

ஆனால் அவர் உயிர் இருந்தது ஊர் இசைக்குழுவில். அவரே தொடங்கியது, கடைசி வரிசையில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் திரைக்குப் பின்னால் நின்று வாசித்துத் தேற வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டுமே. அந்த விதியும் அவருடையதுதான். "மூஞ்சியப் பாத்து எடம் குடுத்தா அது இசைக்குழு இல்ல, டெஸ்மண்ட். என் வீட்டு விருந்து."

டெஸ்மண்ட் டக்வெல், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், குழுவை நடத்துபவர். அந்தச் சனிக்கிழமைத் தேர்வில் ஏழாம் எண் வாசித்ததை அவர் திரைக்கு முன்னால் அமர்ந்து கேட்டார். வில் நடுங்கியது, சுருதி வழுக்கி வழுக்கி விழுந்தது. திரைக்குக் கீழே மஞ்சள் வால் ஒன்று நீண்டு தரையை மெல்லத் தட்டியது.

பக்கத்தில் இருந்த பியானோ டீச்சர் பெரில் அவர் விலாவில் இடித்தாள். "வாலப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஐயோ, இந்த ஹாலே அவங்க குடுத்ததுப்பா!"

"வாலுக்கா மார்க் போடச் சொன்னாங்க?" என்றார் டெஸ்மண்ட். முப்பது வருட வியாழக்கிழமை ஒத்திகைகள் கண்முன் வந்து நின்றன. உரக்கச் சொன்னார்: "ஏழாம் எண்... இந்தத் தடவை இல்ல."

வயோலாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு லேடி ரோவீனா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தார். வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது, லேடி."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

கண்கள் தளும்பின, முதுகு மட்டும் வளையவில்லை. "உன் காதுக்கு ஒண்ணும் ஆகல, டெஸ்மண்ட். எட்டாம் எண்ணக் கூப்பிடு."

சீட்டியடித்து நாயை வெளியே அழைத்தார். பிறகு கழுத்துத் துண்டை உருவி, மூட்டு வலியோடு மண்டியிட்டு, அடுத்து வருபவரின் செருப்புகூடத் தெரியாதபடி திரையின் அடி இடுக்கில் அதைத் திணித்தார்.