லித்தியமும் உப்பில்லாச் சோறும்

நீங்க தினமும் முழுங்குற மாத்திரைய, ஒரு தட்டுல செல்லு வளர்த்து அது மேல ஊத்திப் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். எம்.எஸ்சி. கடைசி வருச ப்ராஜெக்டே அதான்.

எனக்கு பைபோலார். காலேஜ் ரெண்டாவது வருசத்துல வந்துச்சு. வெண்ணந்தூர்ல எங்க ஊட்டுத் தறியில ஓடிட்டிருந்த பாவு நூலை அறுத்துப் போட்டுட்டு, புது டிசைன் கண்டுபுடிச்சுட்டேன், இனி ஊரே நம்மகிட்டதான் சேலை வாங்கும்னு தெருவுல நின்னு கத்துனேன். தூக்கம்னா என்னன்னே மறந்துபோச்சு. அப்புறம் பாத்தா அதே நானு மாசக்கணக்குல போர்வைக்குள்ள கெடக்கறேன், தலைகூட சீவல. அஸ்தம்பட்டில ஒரு டாக்டரம்மா லித்தியம் எழுதிக் குடுத்தாங்க. மெதுமெதுவா மனுசியானேன். அது இல்லாட்டி நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும். பேய், பாம்பு, வைவா எதுக்கும் பயமில்ல. இதுக்கு பயம்.

ப்ராஜெக்டு கதைக்கு வாரேன். மூளைக்குள்ள மைக்ரோக்ளியான்னு ஒரு செல்லு இருக்கு. காவல் வேலை. தெருநாய்னு வெச்சுக்கங்க. திருடன் வந்தா கொரைக்கோணும், செரி. அவன் போனப்புறமும் நிறுத்தாம கொரைச்சா தெருவுல எவன் தூங்குவான்? அந்தக் கொரைப்புதான் அழற்சி. பைபோலார்காரங்க சில பேருக்கு இந்தச் சத்தம் சாஸ்தியா இருக்குமோன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு சந்தேகம். எங்க லேப்ல எலியோட மைக்ரோக்ளியாவை வளர்த்து, பாக்டீரியா ஓட்டுல இருந்து எடுத்த ஒரு சரக்கைப் போட்டு உசுப்பேத்துவோம். அப்புறம் ஒரு கெமிக்கல் ஊத்துனா, செல்லு எவ்வளவு கத்துச்சோ அவ்வளவு பிங்க் ஆகும். தட்டுல சின்னச் சின்னக் குழியா இருக்கும்; முன்னாடியே லித்தியம் போட்டு வெச்ச குழியில மட்டும் பிங்க் வெளுத்துப் போயிருக்கும்.

மொதல்தடவ அதைப் பாத்தப்ப எனக்கு அழுகை வந்திருச்சு.

"ஏன்டி, கெமிக்கல் கண்ணுல பட்ருச்சா?"ன்னா கூட வேலை செய்யறவ.

"ஆமா"ன்னுட்டேன்.

தட்டுல நடக்கறது மண்டைக்குள்ளயும் நடக்குதான்னு இன்னும் ஒருத்தரும் அடிச்சுச் சொல்ல மாட்டாங்க. எங்க கைடும் அதையேதான் சொல்லுவாரு: "அது எலிச் செல்லும்மா, நீ இல்ல." தெரியும் சார். இருந்தாலும் அந்த வெளுத்த பிங்க்கைப் பாத்தா, நமக்காக யாரோ ஒருத்தர் உள்ள போய் சண்டைய விலக்கி உட்ட மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம். மாத்திரை திங்கற புள்ளைய எவன் கட்டுவான், அவ்வளவுதான் அவங்க கவலை. ஆடி மாசம் ஊர்ல மாரியாயிக்குத் திருவிழா, நோம்பி சாட்டுனாங்க.

"காப்புக் கட்டியாச்சு சாமி. தேர் முடியற மட்டும் உனக்கு உப்பில்லாச் சோறு. வேண்டிக்கிட்டேன்"னாங்க அம்மா.

"என்னன்னு வேண்டுன?"

"அது ஆத்தாளுக்கும் எனக்கும்."

"திங்கறது நானு, டீலிங் உங்க ரெண்டு பேருக்குமா?"

"வாயப் பாரு. இந்த வாய்க்கும் சேத்து வேண்டியிருக்கோணும்."

சிரிச்சுட்டு சாப்பிட்டேன். எனக்காக ஒரு ஆளு வேண்டுது, உப்புதானே, போகுதுன்னு. அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கற காலேஜுக்கும் அதே சப்புன்னு இருக்கற தயிர்சோறுதான் டிபன் பாக்ஸ்ல.

கை நடுக்கம் எனக்கு முன்னாடியே கொஞ்சம் உண்டு, லித்தியம்னா இருக்கும். ஆனா அந்த வாரம் பிப்பெட் முனை குழிக்குள்ளயே போகல. பக்கத்துக் குழியில சொட்டுது. பிளேட் பூரா பிங்க் திட்டுத்திட்டா, எது லித்தியம் போட்டது, எது போடாததுன்னே தெரியல. "காலைலயே சரக்கா?"ன்னு கூட வேலை செய்யறவ ஓட்டுனா. அப்புறம் வாந்தி, வயித்தால போச்சு. பேசுனா நாக்கு தடிச்ச மாதிரி கொழறுது. அவ ஓட்டுறதை நிறுத்திட்டா. லேப் படியில நான் தடுமாறி உக்காந்ததும் ஸ்கூட்டியில ஏத்தி நேரா அஸ்தம்பட்டிக்கு உட்டா.

டாக்டரம்மா கையை நீட்டச் சொல்லிப் பாத்தாங்க. உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாங்க.

"என்ன சாப்பிடற?"

"உப்பில்லாச் சோறு மேடம். வேண்டுதல்."

பேனாவை கீழ வெச்சுட்டாங்க. "உடம்புல உப்பு கொறைஞ்சா கிட்னி இருக்கற உப்பை வெளிய உடாது. லித்தியமும் அதுக்கு உப்பு மாதிரிதான். அதையும் சேத்துப் புடிச்சு வெச்சுக்கும். இப்ப அது உனக்கு மருந்து இல்லம்மா, வெசம்."

அட்மிட் பண்ணி சலைன் போட்டாங்க. அம்மா ஓடி வந்தாங்க, நெத்தில திருநூறோட.

"அந்த பாட்டில்ல என்னங்க ஏறுது?"

"உப்புத் தண்ணிங்கம்மா"ன்னாங்க நர்ஸ்.

அம்மா என் காலைப் புடிச்சுட்டு உக்காந்துட்டாங்க. எனக்கு அவங்களத் திட்டவும் மனசு வரல.

டாக்டரம்மா வந்து, "லித்தியத்தை இப்போதைக்கு நிறுத்தறேன். ரத்தத்துல எறங்கட்டும். அப்புறம் கம்மியா ஆரம்பிக்கறதா, வேற மாத்தறதான்னு முடிவு பண்ணலாம்"னாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும் அம்மா மொகத்துல ஒரு வெளிச்சம்.

"பாத்தியா சாமி. மாத்திரைய நிறுத்திப் போட்டா மாரியாயி. நான் கேட்டது அதான்."

"அம்மா, நிறுத்துனது டாக்டரு."

"அவிய வாயில வந்து சொன்னது யாரு?"

அவங்க கேட்டாங்க, நடந்துச்சு. மைக்ரோக்ளியாவ வெச்சு இதை எப்படி மறுத்துப் பேசறது?

இப்ப ஊட்டுக்கு வந்தாச்சு. கொழம்புல உப்பு இருக்குது. அம்மா அடுத்த வருசம் தீச்சட்டி எடுக்கறதுக்கு இப்பவே பக்கத்து ஊட்டுல பேசி வெச்சிருக்காங்க. நான் கலகலன்னு பேசறேனாம், மொகத்துல களை வந்திருச்சாம், சந்தோசப்படறாங்க. அதுதான் எனக்கு ஒதறுது. நேத்து தூக்கம் கொறைவு. இன்னைக்கு காலைல இருந்து மனசுல ஐடியாவா கொட்டுது. இதைக்கூட பாருங்க, கை நிக்காம டைப் அடிச்சுட்டே போறேன், கை நடுக்கம் வேற போயிருச்சு. இது ஒடம்பு தேறுனதா, இல்ல நாயிங்க மறுபடி கொரைக்க ஆரம்பிச்சிருச்சா? எனக்கு உள்ள இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது. அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "நல்லா இருக்கறதுக்குக் கூடவா பயப்படுவ?"ன்னு கேட்டுட்டு மாவு ஆட்டப் போயிட்டாங்க. டாக்டரம்மாவுக்கு மெசேஜ் பண்ணேன். ரத்தத்துல லித்தியம் லெவல் பாத்துட்டுத்தான் மாத்திரைன்னாங்க.

உடனே போய் ரத்தம் குடுத்துட்டு வந்தேன். ரிசல்ட் இன்னும் வரல.