சூடான தரையில் ஒரு கிடார்

அறுபத்தொரு வயதில் ஒரு மனிதர் கிடார் செய்ய உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் யாரோ ஒருத்தி இருக்கிறாள். இதைச் சொன்னது பொதுக் குளியல்கூடத்தில் எனக்கு முதுகு தேய்த்துவிடும் மால்சுன் அக்கா. ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

என் கணவர் பியோ மான்சிக் தென்கொரியாவின் இஞ்சோன் நகரில் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர். இப்போது பக்கத்துக் குடியிருப்பின் வாசலில் காவலாளி. விசேஷத்தில் யாராவது பாடச் சொன்னால் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்வார். அந்த ஆள் பேருக்கு ஒரு பெட்டி வந்தது. வளைத்த பலகைகள், செதுக்கிய கழுத்து, ஒரு பை நிறையக் குச்சிகள். ‘முதல்முறை செய்பவர்களுக்கு’ என்று மேலே அச்சடித்திருந்தது.

அன்று முதல் சின்ன அறையின் கதவு சாத்தியே கிடந்தது. கொடியில் இருந்த துணிக் கிளிப்புகள் காணாமல் போயின. தேடிப் போனால், பசை தடவிய பட்டையைப் பலகை விளிம்போடு கவ்விக்கொண்டு வரிசையாக நிற்கின்றன.

“ஹேரின் அப்பா, இது யாருக்கு?” மகள் பேரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவேன்.

“எனக்குத்தான்.”

“வாசிக்கத் தெரியுமாக்கும்?”

“கத்துக்கிட்டாப் போச்சு. இதைத் தரையில மட்டும் வச்சிடாதே. அடியில குழாய்ல ஓடுற வெந்நீர்ச் சூடு பட்டா உள்ள ஒட்டின குச்சியெல்லாம் விட்டுப்போயிடும்.”

உள்ளே பலகையைத் தட்டுவார், கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். நான் கூப்பிட்டால் பதில் வராது. போன் அடித்தாலும் எடுப்பதில்லை, மெசேஜ் மட்டும் அனுப்புவார்.

“மெசேஜ் மட்டுமா?” மால்சுன் அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். “அடி அசடே, அவ குரல் உன் காதுல விழக் கூடாதுன்னுதான்டி!”

ஜனவரியில் ஒரு நாள், அவர் வேலைக்குப் போனதும் அறையைக் குடைந்தேன். கிடார் முடிந்து, கம்பி பூட்டி, கொக்கியில் தொங்கியது. அதை இறக்கி, ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். எவள் பேராவது எழுதியிருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. அதற்குள் மால்சுன் அக்கா போனில் கூப்பிட, அதைத் தரையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். மிளகாய் காயும் அளவுக்குக் கொதிக்கிற தரை. திரும்பி வந்து பதறி எடுத்துப் பார்த்தேன். வெளியே கீறல் இல்லை. கொக்கியில் மாட்டிவிட்டேன்.

மாலையில் அவர் அதை மடியில் வைத்து மீட்டினார். உள்ளே எதுவோ விட்டுப்போய், டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரி கிர்ரென்று இரைந்தது. எனக்குப் பல் கூசியது. அவரோ கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லச் சொன்னேன்: “ஏதோ இரையுதுங்க.”

“ஆமா, நல்லா இருக்குல்ல?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் கண் என் உதட்டின் மேலேயே இருந்தது.

“எத்தனை நாளா?” காதைத் தொட்டுக் காட்டினேன்.

கம்பிகளைத் தடவினார். “போன வருஷத்துலேருந்து. வாசல்ல தெரிஞ்சா வேலை போயிடும். முழுசாப் போறதுக்குள்ள, நான் செஞ்ச ஒண்ணு எப்படிச் சத்தம் போடுதுன்னு கேட்டுடணும்னு தோணுச்சு.”

“எங்கிட்டக்கூட சொல்லலையே!”

“உன் கத்தல் மட்டும்தான் இன்னும் எனக்கு முழுசா கேக்குது. சொன்னா பாவம் பார்த்து நீ மெதுவா பேச ஆரம்பிச்சிடுவே.”

அழுதால் குரல் இறங்கிவிடும். அதனால் கத்தினேன்.

“புளுகு! ஒரு வருஷமா புளுகு! நாளைக்கே காது டாக்டர்கிட்ட வர்றீங்க! இந்தக் கிடாரைத் தரையில போட்டுக் கெடுத்தது நான்தான், அதையும் கேட்டுக்குங்க!”

மேல்வீட்டுக்காரர்கள் தொம் தொம்மென்று தரையைத் தட்டினார்கள். நான் இன்னும் உரக்கத் திட்டினேன்.