ஈயப் பெட்டியில் பிள்ளைத் துணி

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தபோது, கார்த்திகை மழையோடு மூத்த பிள்ளையும் வந்து சேர்ந்தது. என் பழைய வேட்டிகள் அதன் இடுப்புத் துணிகளாயின. துவைத்தால் காயாது, வெயில் வரும்வரை அழுக்குத் துணியைச் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். மனைவி அவற்றை மண்ணெண்ணெய் டின்னில் போட்டு இறவாரத்தில் வைத்தாள்.

அடுத்த வீடு டீமேக்கருடையது. உருட்டிய கொழுந்து சிவந்து பதமாகிவிட்டதா என்று முகர்ந்து சொல்வது அவர் உத்தியோகம்.

"கிளாக்கரய்யா, எனக்கு மூக்குதான் சோறு போடுது. அதுல உங்க டின்னு மண்ணப் போடுது. தொரை ருசி பாத்துட்டு மொகத்தச் சுளிச்சா நான் மூட்டை கட்டணும்."

"உள்ள கொண்டாந்து பிள்ளை பக்கத்துல வைக்கவா?" என்றாள் மனைவி, கதவுக்குப் பின்னாலிருந்து.

நான் நாலு புத்தகம் படித்தவன். ஈயத்தகடு பதித்த தேயிலைப் பெட்டி வெளிநாற்றத்தை உள்ளே விடாது. ஆகவே உள்நாற்றத்தையும் வெளியே விடாது. ஒரு பெட்டி கொண்டுவந்து, துணிகளை அடைத்து மூடினேன். நாற்றம் நின்றது. வெயில் வந்த காலையில், என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க டீமேக்கரையும் அழைத்துத் திறந்தேன்.

தொழில் பழக்கத்தில் அவர்தான் முதலில் குனிந்தார். அடைபட்டுக் கிடந்த நெடி அவர் முகத்தில் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தவர், மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வாசமும் தெரியலீங்களே."

மத்தியானம் ஒரு பிடி உருட்டிய கொழுந்தோடு வந்தார். உதவும் எண்ணத்தில் நான் மூக்கை நீட்டினேன்.

"நீங்க வேணாமுங்க. தங்கச்சி, நீங்க பாருங்க."

"பச்சை வாடை இன்னும் போகல," என்றாள் மனைவி. அவர் ஆலைக்கு ஓடினார். இன்னொரு பிடியோடு திரும்பி வந்தார். "இப்ப சரி." மறுபடியும் ஓடினார்.

மறுநாள் துரை ருசி பார்த்து, துப்பி, தலையசைத்து, அடுத்த கோப்பைக்குப் போனாராம். அதற்குமேல் துரைமாரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

டீமேக்கர் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். டின் பழையபடி இறவாரத்தில் இருந்தது. பெருந்தன்மையோடு அதைப் பார்த்தார்.

"அங்கேயே இருக்கட்டும், தங்கச்சி. மேல கொஞ்சம் சாம்பல் மட்டும் தூவுங்க, வாடை தாங்கல."

"அது காலி டின்னுங்கண்ணே," என்றாள் மனைவி. "துணியெல்லாம் வெயில்ல காயுது."