டேனிஷ் தூதரும் இரண்டு குத்துவிளக்கும்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் நான் ஒரு டேனிஷ் தூதரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் செத்து முந்நூறு ஆண்டாகிவிட்டது. என் கலாநிதிப் பட்ட ஆய்வு அவரைப் பற்றியது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை கட்டியிருந்ததால், எந்தத் தமிழனுக்கும் டேனிஷ் வரலாறு இரத்தத்தில் ஊறியிருக்கும் என்று என் பேராசிரியர் நம்பினார். நான் யாழ்ப்பாணத்தான்; தரங்கம்பாடியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. புலமைப்பரிசில் கிடைக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தூதரின் உத்தியோக வாழ்க்கை இரண்டு துண்டு. முதல் பாதியில் அந்நிய அரசவைகளுக்குப் போய், யார் முதலில் தொப்பியைக் கழற்றுவது, யாருடைய கதிரை உயரம் என்று மாதக்கணக்கில் வாதாடினார். உடன்படிக்கை எழுத ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. பிறகு அரசர் அவரைத் தலைநகரின் நிர்வாகியாக்கினார். மிச்சக் காலம் முழுதும் சாக்கடை வெட்டினார், கிணறுகளைத் துப்புரவாக்கினார், தெருவில் திரிந்த பன்றிகளோடு மல்லுக்கட்டினார். பேராசிரியர் பன்றிகளை அடிக்குறிப்புக்கு அனுப்பச் சொன்னார். எனக்கோ அந்த மனிதர் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று பட்டது. தொப்பி அத்தியாயத்தை நக்கலாகவே எழுதித் தள்ளினேன்.

மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் நான் விமானம் ஏறியிருந்தேன். அவளைக் கூப்பிட, இங்கே நிரந்தரமாக இருக்கும் ஒருவர் பொறுப்புக் கடிதம் தரவேண்டும். எங்கள் ஆட்களில் முதலில் வந்து குடியேறிய டொக்டர் அண்ணை, "பொங்கல் விழா முடியட்டும், எழுதித் தாறன்" என்றார்.

விழா ஒரு தேவாலய மண்டபத்தில். பத்துப் பதினைந்து குடும்பங்கள், செயலாளர் நான். குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றுவது யார் என்பதில் இழுபறி. டொக்டர் முதலில் வந்தவர். கணக்காளர் அங்கிள் வயதில் மூத்தவர். இருவரும் தனித்தனியே தொலைபேசியில் சொன்னது ஒன்றேதான்: "எனக்கு இதெல்லாம் பெரிசில்லை, தம்பி. ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கு."

இப்படியொரு சிக்கலில் என் தூதர், இரு தரப்பும் இரு வாசலால் ஒரே நேரத்தில் நுழைய ஏற்பாடு செய்திருந்தார். நானும் இரண்டு விளக்கு வைத்தேன். இரண்டாவதை டண்டினொங் புறநகரில் ஒரு வீட்டில் இரவல் வாங்கினேன். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, இருவரும் ஒன்றாகத் திரி ஏற்றினார்கள். சபை கைதட்டியது. நான் பூரித்துப்போனேன். டண்டினொங் விளக்கு மற்றதைவிட ஒரு சாண் குட்டை என்பதை, டொக்டர் அதற்குக் குனிந்தபோதுதான் கண்டேன்.

வடைகூட எடுக்காமல் அவர் கார்ச் சாவியைக் கையிலெடுத்தார்.

"அண்ணை, அந்தக் கடிதம்..."

"அதுக்கு இப்ப என்ன அவசரம், தம்பி? ஆறுதலாப் பாப்பம்."

அடுத்த நாளே போய், "பிழை என்ரதுதான், அண்ணை" என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நான் போகவில்லை; அவர் தருவதாகச் சொன்ன கடிதத்தை வேறொருவரிடம் கேட்பதும் முறையில்லை. அளவுகோல் கொண்டுபோயா விளக்கு இரவல் வாங்குவது? அவர்தான் முதலில் கதைக்கட்டும் என்று இருந்தேன். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் சப்பாத்துக் கடைக் கண்ணாடியை மும்முரமாகப் பார்த்தோம். கிழமைக்கொன்றாக வந்த மனைவியின் கடிதங்கள் மாதத்துக்கொன்றாகின. பிறகு ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. விழா முடிந்து எட்டாவது மாதம் டொக்டர் வீட்டு மணியை அடித்தேன்.

நான் வாய் திறக்கவே இல்லை. அவர் மேசை லாச்சியை இழுத்து, ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். விழாவுக்கு மறுநாள் திகதி போட்டிருந்தது.

"எப்ப வருவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

விமான நிலையத்தில் மனைவி மெலிந்துபோயிருந்தாள். "ஏன் இவ்வளவு காலம் சுணங்கினது?" என்று கேட்டாள்.

"இந்த அரசாங்கம் அப்பிடித்தான்" என்றேன். அவள் இன்றைக்கும் ஆஸ்திரேலிய அரசாங்கத்தைத்தான் திட்டுகிறாள்.