நாற்பத்தேழாம் எண்ணின் சொந்தக்காரர்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு அடுத்தபடியாக எல்லாரும் பயந்தது லேபிள் அக்காவுக்குத்தான். இரண்டாவது மாடி சர்வர் அறையில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகிவிட்டு, யாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட முடியாது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒரு வரைபடம்கூடக் கிடையாது. எந்த சர்வர் எந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சில் மாட்டியிருக்கிறது, யாருடைய தகவல் எந்தச் சேமிப்புப் பெட்டியில் கிடக்கிறது என்பதெல்லாம் பழைய இன்ஜினியர் ஒருவரின் மண்டைக்குள் இருந்தது. அவர் வேலையை விட்டபோது மண்டையையும் கூடவே கொண்டுபோய்விட்டார். அக்கா மூன்று வருஷம் கையில் டார்ச்சோடு தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு கேபிளாகத் தடவிப் பார்த்து, இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டினாள். எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் ஏற்றினாள். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது; ஸ்விட்ச் போர்டு, மருந்து டப்பா, சாவி, எல்லாவற்றிலும் லேபிள்தான்.

"என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு. தொலைஞ்சா யாராவது கொண்டுவந்து விடுவாங்க" என்பார் வீட்டுக்காரர்.

"யாரும் கொண்டுவர மாட்டாங்க" என்பாள்.

சேமிப்புப் பெட்டியைத் தடுப்பு தடுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். வால்யூம் என்பார்கள் அதை. ஆளாளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு மறந்துபோவதும், பெட்டி நிரம்பி வழிவதும் வழக்கம். அக்கா ஒரு சட்டம் போட்டாள். தொண்ணூறு நாள் யாரும் தொடாத வால்யூம் என்றால் பதிவேட்டில் சொந்தக்காரர் என்று இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்குத் தானாகவே மூன்று கடிதம் போகும். இரண்டாவதுக்கும் பதில் இல்லையென்றால் பாதுகாப்புக்காக நகலெடுப்பது நின்றுவிடும். மூன்றாவதுக்கும் இல்லையென்றால் அழித்துவிட வேண்டியதுதான். இப்படிப் பதினோரு வால்யூம் ஒழிந்தது. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. மேலதிகாரி கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்.

பன்னிரண்டாவது, நாற்பத்தேழாம் எண். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு சேமிப்புப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோரேஜ்காரர் அழிப்புப் படிவத்தோடு வந்தார்.

"அக்கா, சொந்தக்காரர்னு 'மாற்றக் குழு'ன்னு போட்டிருக்கு. யாரு இவங்க?"

"இங்க தகவலைப் பெட்டி விட்டுப் பெட்டி மாத்தறது நாலு தடவை நடந்திருக்கு. எந்தக் கூட்டமோ, யாரு கண்டா? மூணு கடுதாசிக்கும் மூச்சு விடலைல்ல?"

"விடலை."

"அப்ப என்னப்பா யோசனை? அழிச்சுத் தள்ளு." கையெழுத்துப் போட்டுவிட்டாள். விரலைச் சொடுக்குவதற்குள் வேலை முடிந்தது. பதிவேட்டில் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தபோது அவளுக்குப் பரம திருப்தி.

பத்தேகாலுக்கு ஃபோன் அடித்தது. குழந்தைகள் இருதயப் பிரிவு டாக்டரம்மா. "பதினொரு மணிக்கு ஒரு பிள்ளைக்கு ரெண்டாவது ஆபரேஷன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் வேணும், திறக்க மாட்டேங்குது. போன தடவை குழாய எந்த இடத்துல வெச்சாங்கன்னு பாக்காம நான் கத்தி வைக்க முடியாதும்மா."

"உங்க ஸ்கேன் எல்லாம் பன்னிரண்டாம் எண்ல இருக்கு டாக்டர். அது நல்லாத்தான் ஓடுது" என்று பட்டென்று சொன்னாள் அக்கா. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. அவளே எழுதியது, தப்பாகுமா?

ஆனாலும் பன்னிரண்டைத் திறந்து பார்த்தாள். கடைசி இரண்டு வருஷத்து ஸ்கேன்தான் இருந்தது. பழையது ஒன்றுகூட இல்லை. சரியென்று அந்தப் பிரிவின் சர்வருக்குள்ளேயே போய், பழைய ஸ்கேனை அது எங்கே தேடுகிறது என்று பார்த்தாள்.

நாற்பத்தேழு.

தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் எண்ணின் வட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதானபோது, பழைய ஸ்கேன்களை அவசர அவசரமாக நாற்பத்தேழுக்கு அள்ளிப்போட்டது யார்? அவளேதான்; கூட இன்னொருவர், அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். 'ரெண்டு நாளைக்குத்தானே, அப்புறம் ஒழுங்கா எழுதிக்கலாம்' என்று சொந்தக்காரர் கட்டத்தில் 'மாற்றக் குழு' என்று போட்டு வைத்தாள். அடிப் பாவி! ஊரையெல்லாம் எழுது எழுது என்று விரட்டியவள், தன் முறை வந்தபோது எழுதவில்லை.

அந்தக் குழுவின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தாள். அதில் மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் அவள். மூன்று கடிதங்களும் பிரிக்காமல் கிடந்தன. மூன்றாவதன் வாசகம் அவளே எழுதி வைத்தது. 'சொந்தப் பொருளை மறக்கிற அளவுக்கு உங்களுக்கு அப்படி என்ன வேலை?' கீழே அவள் பெயர்.

"திருப்பி எடுத்துக் குடுப்பா" என்றாள் ஸ்டோரேஜ்காரரிடம்.

"எங்கருந்து எடுக்கறது அக்கா? நகல் நின்னு முப்பது நாளாச்சு. பழைய நகலும் தானா அழிஞ்சுபோச்சு. நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைங்களோட ஸ்கேன் அது..." அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அக்கா ஓடினாள். எப்படிப் படியேறினாள் என்றே தெரியாது. நான்காவது மாடியில் டாக்டரம்மா முன்னால் போய் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. மணியைப் பார்த்தார்.

"வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சிடி குடுப்போம். முக்காவாசிப் பேர் தொலைச்சிடுவாங்க. அம்மா வெளியதான் உக்காந்திருக்காங்க, நர்ஸ விட்டுக் கேக்கச் சொல்றேன். இல்லைன்னா ஆபரேஷனைத் தள்ளித்தான் வைக்கணும். பிள்ளை இருக்கற இருப்புக்கு அது ரொம்ப நாள் தாங்காது."

"நானே கேக்கறேன் டாக்டர்."

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மடியில் பிள்ளையின் செருப்பு.

"அம்மா, பழைய ஸ்கேன் சிடி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இருக்கே." பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சிடி. "அஞ்சு வருஷமா எங்க போனாலும் தூக்கிட்டுத்தான் போறேன். ஏன், ஆஸ்பத்திரில இல்லையா?"

இயந்திரக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"இருந்துச்சும்மா. நான்தான் அழிச்சிட்டேன். யாரோடதுன்னு தெரியாம அழிச்சிட்டேன்."

அக்கா கையை நீட்டினாள். அந்தப் பெண் சிடியைச் சட்டென்று விடவில்லை. இரண்டு பேர் கையும் அதன்மேல் இருந்தது.

"டாக்டர் பாத்து முடிச்சதும் என் கைல குடுத்துடுங்க" என்றாள். "உங்ககிட்ட வெக்க வேணாம்."