செத்த மிஷினில் இருந்த கரண்ட்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஓட்டல், லேத், பெயிண்ட் கிடங்கு என்று ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே திரிந்துவிட்டு, இப்போது கரையான்சாவடியில் ஒரு கடையில் வெல்டிங் மிஷின் பழுதுபார்க்கிறேன். படுக்கையும் கடைக்குள்ளேதான்.

இங்கே ஒரு வழக்கம். எந்த மிஷின் வந்தாலும் முதலில் குண்டு பல்பு. உள்ளே கரண்டைப் பிடித்து வைத்திருக்கும் கண்டன்சரின் இரு முனைகளிலும் பல்பின் வயர்களை வைப்போம். மீதி ஏதும் இருந்தால் எரிந்து தீரும். பிறகுதான் கை.

சென்ற மாதம் குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு வெல்டர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மிஷினின் மூடியை அவரே கழற்றியிருந்தார்.

"இரும்பு கேட்டு வேல பாதில நிக்குது அண்ணாத்தே. இன்னிக்கி மாட்டலன்னா ஊட்டு ஓனரு என்னையே கேட்டா நிக்க வச்சிடுவாரு."

"இன்னா ஆச்சி?"

"ஃபேன்கூட சுத்தல, செத்துப்போச்சி. இதோ, இங்கதான் புகை வந்துச்சி" என்று விரலை உள்ளே நீட்டினார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"பிளக்கப் புடுங்கி எவ்ளோ நேரம் ஆவுது! இன்னாத்துக்கு பயப்படுற?"

ஓடுகிற மிஷின் என்றால் பயமில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபேன் கொஞ்சம் சுற்றி, இருந்ததைச் செலவழித்துவிடும். செத்த மிஷினில் செலவழிக்க ஆளில்லை. கரண்டை மெல்ல வடியவிடும் ரெசிஸ்டரும் இதில் கருகிக் கிடந்தது.

வயர்களை வைத்தேன். பல்பு பளீரென்று எரிந்து, மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது.

அவர் பல்பைத் தொட்டுப் பார்த்தார். "லேசா சூடு கீது" என்றார். பிறகு மெதுவாக, "ஆட்டோ பள்ளத்துல குதிக்க சொல்லோ, மிஷின மடில வச்சி உள்ள கைய வுட்டுதான் புடிச்சிகினு வந்தேன்."

நான் வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

"இன்னொரு தபா எரிய வையேன்."

வைத்தேன். எரியவில்லை. கடையின் வெக்கையில் கலந்துவிட்ட அந்தத் துளிச் சூட்டைத் திரும்பப் பிடிக்க முடியாது. அந்தக் கரண்ட் அவர் உடம்பு வழியாகப் போயிருந்தாலும் பல்பு எரிந்த அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

வேலை முடியும்வரை இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டே நின்றார். மிஷினின் ஃபேன் சுற்றியதும், அலமாரியில் கிடந்த இன்னொரு குண்டு பல்பைக் காட்டினார். "அந்த பழைய பல்ப நான் எத்துகினு போறேன் அண்ணாத்தே."

பல்பு சட்டைப்பைக்குள் போனது. ஆட்டோவில் ஏறியவர் மிஷினை மடியில் வைக்கவில்லை. காலடியில் தள்ளி வைத்து, கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டார்.